சேதி சொல்லப் போன தலையாரி

ஓய்வூதிய விஷயமாகக் கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் கிராம உதவியாளர்கள் சிலர் என்னைப் பிடித்து உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். அதில் ஒரு பெண் எம்.எஸ்சி. படித்தவள். ஸ்கூட்டியில் வந்து இறங்குகிறாள், பட்டா யார் பேரில் இருக்கிறது என்று கைப்பேசியிலேயே பார்த்துச் சொல்லிவிடுகிறாள். அவள்தான் கேட்டாள், "அய்யா, ஒங்க காலத்துல தலையாரின்னா இன்னா வேலைங்க?" என்று. வி.ஏ.ஓ. எங்கே நின்றாலும் அவருக்கு நாலடி பின்னால் நிற்கிற வேலை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், அதையே சங்க மலருக்கு விரிவாக எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். கேட்டு வாங்கிய பிறகு நீளமாக இருக்கிறது என்று யாரும் குறை சொல்லக்கூடாது.

எனக்கு முன்னால் என் அப்பா தலையாரி. அவர் இறந்ததும் வேலை எனக்கு வந்தது. எட்டாவது வரை படித்திருந்தேன். பயிற்சி என்று ஒன்றும் கிடையாது. தமுக்கு அடித்து அரசாங்க அறிவிப்பைச் சொல்ல வேண்டும், ஜமாபந்திக்குக் கணக்குக் கட்டுகளைத் தலையில் சுமக்க வேண்டும், கிணற்றிலோ ஏரியிலோ பிணம் மிதந்தால் போலீஸ் வரும்வரை காவல் இருக்க வேண்டும். முதல் தடவை பிணத்துக்குக் காவல் இருந்தபோது நான் பயந்து போய்த் தூரத்து வரப்பில் உட்கார்ந்துகொண்டேன். நாய் வந்துவிட்டது. அன்றைக்கு வி.ஏ.ஓ. திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அந்தத் திட்டுதான் என் பயிற்சி.

என் ஊர் நைனார்பாளையத்துப் பக்கம். பேரைச் சொல்லமாட்டேன். அங்கே எல்லோரும் இன்னும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியிருக்கிறது. ஊர் ஒரு பக்கம், ஓடை தாண்டி எங்கள் காலனி. நிலம் எல்லாம் ஊராருடையது, கூலி வேலை எல்லாம் எங்களுடையது. காலனிக்கு ஒரு நாட்டாண்மை உண்டு. பழைய நாட்டாண்மை இறந்ததும் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு அப்போது முப்பது வயதைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். "நீ ஆபீசுல பேசறவன், நீயே இருந்துக்க" என்றார்கள். சம்பளம் இல்லாத பதவி என்பதால் போட்டியும் இல்லை.

நான் பார்த்த தாசில்தார்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒல்லியானவர், தடித்த கண்ணாடி. குரலை உயர்த்தியே கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைப்பார். துடைக்கத் துடைக்க எதிரே நிற்பவனுக்கு வியர்க்கும். யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "பார்த்ததா, கேட்டதா?" என்பதுதான். கேட்டது என்றால், "அதை அந்தப் பக்கம் வை" என்பார். பார்த்தது என்றால், எங்கே நின்று பார்த்தாய், வெயிலா மழையா, நடுவில் மரம் ஏதாவது மறைத்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். வரப்புத் தகராறுக்குப் போனால் இரண்டு கட்சிக்காரனையும் பேசவிட்டு, கடைசியில் என்னைப் பார்த்து, "நீ என்ன பார்த்தே?" என்பார். தலையாரியை ஒரு மனிதன் என்று மதித்துக் கேள்வி கேட்ட முதல் அதிகாரி அவர்தான். அவர் மேல் எனக்கு மரியாதையும் உண்டு, பயமும் உண்டு.

அப்போதுதான் இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. எங்கள் ஊராரின் சாதிக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று ஒரு வாரம் சாலை மறியல். அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நாலைந்து பெரிய பண்ணைகளைத் தவிர, அங்கேயும் அரை வயிற்றுக் குடியானவர்கள்தான் ஜாஸ்தி. ஆனால் சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்தார்கள், பஸ்ஸெல்லாம் நின்றுபோயிற்று. மரங்கள் விழுந்த காலையில் நான் ஓடைக்கரையில் இருந்தேன். யார் வெட்டினார்கள் என்று பார்த்தேன். மரம் விழுந்து கிடக்கிறது என்று வி.ஏ.ஓ.விடம் சொன்னேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

போலீஸ் வந்தது. எங்கள் பக்கத்துப் போலீஸ் அல்ல, வேறு மாவட்டத்திலிருந்து லாரி லாரியாக வந்த படை. பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். அவர்கள் வந்து இறங்கிய பொழுதே ஊரில் ஆண்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கல்வராயன் மலைக்கு ஏறிவிட்டார்கள். எழ முடியாத கிழவர்கள் இரண்டு பேரும் பெண்களும் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். மரவள்ளி வயலில் வேலை இல்லை, கரும்பு வெட்டு இல்லை. கூலி கொடுக்க ஆள் இல்லாததால் எங்கள் காலனியில் அடுப்பு அணைந்தது. மலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த ஆண்கள் நாங்கள் மட்டும்தான். நாங்கள் ஏன் ஓட வேண்டும்? நாங்கள் மரம் வெட்டவில்லையே என்று நினைத்தோம். அது எவ்வளவு பெரிய அறியாமை என்று மறுநாள் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பள்ளிக்கூட வராந்தாவில் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன்யா, நீ கவர்மெண்ட் ஆளா, ஊர் ஆளா?"

"ரெண்டுந்தானுங்க."

"அப்ப மரம் வெட்டினவன் பேரெல்லாம் சொல்லு."

"மரம் கெடந்ததப் பாத்தேனுங்க. அன்னிக்கே வி.ஏ.ஓ. அய்யாகிட்ட சொல்லிட்டேனுங்க."

"வெட்டினது யாருன்னு கேட்டேன்."

"அதுக்கு எங்கிட்ட பதில் இல்லீங்க."

அறைந்தார். கீழே விழுந்து எழுந்து அதே இடத்தில் நின்றேன். அவர் சிரித்துவிட்டு, "மரம் வெட்ட அருவா வேணும். உங்க காலனியில அருவா இல்லாத வீடு இருக்கா?" என்றார். கூலிக்காரன் வீட்டில் அரிவாள் இல்லாமல் எப்படி இருக்கும்? அன்று மத்தியானமே காலனிக்குள் புகுந்து மூன்று பேரைத் தூக்கிப் போனார்கள். ஒருவன் என் தம்பி செல்வம். பேர் கொடுத்தால் விடுவோம், கொடுக்காவிட்டால் இவர்கள்தான் மரம் வெட்டியவர்கள் என்று சொல்லியனுப்பினார்கள்.

காலனி மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டோம். எங்கள் கூட்டத்தில் ஆண், பெண் எல்லோரும் பேசலாம், நாட்டாண்மை கடைசியில்தான் பேச வேண்டும். எல்லோரும் பேசினார்கள். எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். "அவங்க நமக்கு இன்னா செஞ்சிட்டாங்க? சொல்லித் தொலையேன்." தம்பி மனைவி அஞ்சலை என் எதிரே வந்து நின்றாள். "மாமா, நீ வாய மூடிக்கினு இருந்தா அவுங்க எம்புருசனக் கொன்னே பூடுவாங்க. அப்புறம் நீ யாருக்கு நாட்டாம?"

கடைசியில் நான் பேசினேன். போலீஸ் ஒரு நாள் முகாமைக் காலி செய்துகொண்டு போகும், ஊர் எங்கேயும் போகாது, நாம் காட்டிக் கொடுத்தோம் என்று ஆனால் இந்த ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு கூரை மிஞ்சாது என்றேன். அது பயத்தில் சொன்ன காரணம். இன்னொன்றையும் சொன்னேன். "நம்ம பசங்கள ஒண்ணும் இல்லாத காரணத்துக்குத் தூக்கிக்கினு போயிட்டாங்க. நான் பேர் சொன்னா, இன்னொருத்தன் வூட்டுப் பையன நான் தூக்கிக் குடுத்த மாதிரிதான். அத செய்ய மாட்டேன். செல்வம் எந்தம்பின்னு எனக்குத் தெரியும்." அஞ்சலை என் காலடியில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். அவள் கோபம் நியாயம்தான். அதற்காக என் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போய்த் தாசில்தாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கம்போலக் கேட்டார்.

"மரம் வெட்டினது. பார்த்ததா, கேட்டதா?"

"பாத்ததுங்க."

"யார்?"

"சொல்ல மாட்டேனுங்க."

கண்ணாடியைக் கழற்றினார். "நீ அரசாங்க ஊழியன். சட்டப்படி சொல்லணும்."

"தெரியுமுங்க."

"வேலை போகும்."

"போனாப் போவுதுங்க."

வெகுநேரம் துடைத்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிடித்தவர்களை விடச் சொல்லத் தனக்கு அதிகாரம் இல்லை, அடிக்கக்கூடாது என்று சொல்ல முடியும், அதைச் சொல்கிறேன் என்றார். பார்த்தேன் என்று வேறு யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னார். அவர் சொன்ன பிறகு அடி நின்றது. ஆனால் அதற்குள் செல்வத்தின் இடது காது கேட்காமல் போய்விட்டிருந்தது. அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

இப்படி நாட்கள் போய்க்கொண்டிருந்தபோது ஊரில் பெரிய பண்ணையின் பெரியவர் இறந்துபோனார். வெகுநாளாகப் படுக்கையில் கிடந்தவர். அவருக்கு ஒரே மகன் ராஜமாணிக்கம். மறியலுக்கு முன்னால் நின்றவர்களில் ஒருவர், போலீஸ் முதலில் தேடுகிற ஆள், என் வயதுக்காரர்.

எங்கள் பக்கத்தில் சாவு என்றால் உறவுக்காரர்களுக்குச் சேதி சொல்லப் போவது காலனிக்காரன் வேலை. அந்தக் குடும்பத்துக்குச் சேதிக்காரர்கள் எங்கள் வீட்டார். அதற்கு முறை இருக்கிறது. வீட்டுக்குள் போகக்கூடாது, வாசலுக்கு வெளியே நின்று பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். சேதியைச் சொல்லும்வரை உட்காரக்கூடாது, பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூடாது. யார் இறந்தார், எப்போது எடுக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். சேதியில் எதையும் சேர்க்கவும் கூடாது, எதையும் விடவும் கூடாது. பகையாளியாக இருந்தாலும் சாவுச் சேதியை மறைத்தால் அது ஏழு தலைமுறைக்குப் பாவம் என்று என் அப்பா சொல்வார்.

பெரியவரின் மனைவி ஆள் அனுப்பினார்கள். நான் போனபோது தாழ்வாரத்தில் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தார்கள். மகன் வெள்ளிமலைப் பக்கம் யார் வீட்டில் இருக்கிறார் என்று மெதுவாகச் சொன்னார்கள். மலைப்புளி, கடுக்காய் வாங்க அவர்கள் குடும்பம் வருஷா வருஷம் போய்ப் பழகின வீடு. "கோதண்டா, எம்புள்ளைக்குச் சேதி சொல்லு. நாளைக்குக் காலைல எடுக்கணும். அவன் கொள்ளி வெக்காம எம்புருசன் எப்படிப் போவாரு?" என்று அழுதார்கள்.

வெளியே வந்தால் போலீஸ்காரர் நின்றிருந்தார். இன்ஸ்பெக்டர் கூப்பிடுகிறாராம். போனேன். இந்தத் தடவை அறையவில்லை, உட்கார் என்றார். நான் உட்காரவில்லை.

"நீதான் சேதி சொல்லப் போற ஆளாமே? போ. நல்லாப் போய்ச் சொல்லு. அவன் சுடுகாட்டுக்கு வரட்டும். வந்தா உன் தம்பியும் மத்த ரெண்டு பேரும் அன்னிக்கே வீட்டுக்கு வந்துடுவாங்க."

புருஷனைப் பறிகொடுத்த அம்மாவும் போலீசும் ஒரே வேலையை எனக்குக் கொடுத்தார்கள். போகாவிட்டால் சாவுச் சேதியை மறைத்தவன் ஆவேன். போனால் ஆளைப் பொறிக்குள் கூட்டி வந்தவன் ஆவேன். எது நடந்தாலும் காலனி தலையில்தான் விடியும். என் மனைவி பூங்காவனம்தான் கேட்டாள். "சேதியில எதையும் வுடக் கூடாதுன்னு மாமா சொல்வாரே. சுடுகாட்டுல போலீசு ஒக்காந்துக்கினு இருக்கறதும் சேதிதான?" அவ்வளவுதான், எனக்கு வழி தெரிந்துவிட்டது.

கிளம்புவதற்கு முன் இன்னொரு விஷயம் பாக்கி இருந்தது. அதற்காகத் திரும்பவும் பண்ணை வீட்டுக்குப் போனேன். பாடையைத் தூக்க ஊரில் ஆண் இல்லை. அந்த அம்மா என்னைத்தான் பார்த்தார்கள். திண்டில் சாய்ந்திருந்த ஒரு கிழவர், "காலனிக்காரன் தொட்டா தூக்கறது?" என்று முனகினார். அந்த அம்மா அவரைப் பார்த்து, "அப்ப நீங்க எழுந்து வந்து தூக்குங்க" என்றார்கள். கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சொன்னேன். "தூக்கறோமுங்க. ஆனா மேளம் அடிக்க மாட்டோம். தூக்கறவன் அடிக்க முடியாது, அடிக்கறவன் தூக்க முடியாது. எது வேணும்னு சொல்லுங்க." அதுவரை சாவுக்கு எங்களை அந்தத் தெருவுக்குள் விட்டது பறை அடிக்க மட்டும்தான். அந்த அம்மா யோசிக்கவே இல்லை. "தூக்குங்க" என்றார்கள்.

சைக்கிளில் கச்சிராயப்பாளையம் போய், அங்கிருந்து மலைக்குப் போகும் ஜீப்பில் பின்பக்கம் தொற்றிக்கொண்டேன். பஸ் ஓடாததால் ஒரு ஜீப்பில் ஒரு ஊரே ஏறியிருந்தது. வெள்ளிமலையில் இறங்கி, சாமைக் காடுகளுக்கு நடுவே நடந்து அந்த வீட்டை அடைந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. தொண்டை வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டது. வழியில் மலைக்காரர் ஒருவர் கொடுத்த தண்ணீரையும் வேண்டாம் என்றுவிட்டேன். வாசலுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். ராஜமாணிக்கத்தோடு ஊர் ஆட்கள் பலரும் உள்ளேயிருந்து வந்தார்கள். என்னைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. நான் அந்த வாசலில் நிற்பதற்கு வேறு காரணம் கிடையாதே.

"பெரியவரு காலமாயிட்டாருங்க. நாளைக்குக் காலைல எடுக்கறாங்க. சுடுகாட்டுல போலீசு காத்துக்கினு இருக்குது."

ராஜமாணிக்கம் அப்படியே மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். அவருடைய பங்காளி ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். "டேய், போலீசு அனுப்பிச்சு வந்தியாடா?"

"ஆமாங்க. போலீசும் அனுப்பிச்சாங்க, அம்மாவும் அனுப்பிச்சாங்க."

அடிக்கக் கையை ஓங்கினான். ராஜமாணிக்கம், "வுடுடா அவன" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நான் இன்னாடா பண்ணட்டும்?"

"அத எங்கிட்ட கேக்காதீங்க. எந்தம்பியும் இன்னும் ரெண்டு பேரும் போலீசுகிட்ட கீறாங்க. நீங்க வந்தா அவங்கள வுடறோம்னு சொல்றாங்க. அதனால நான் எது சொன்னாலும் அது என் தம்பிக்காக சொன்னதாத்தான் இருக்கும். வரலன்னா ஒங்களப் பாத்ததாவே சொல்ல மாட்டேன். நீங்களே முடிவு பண்ணுங்க."

அவருக்கு அதுவரை எங்கள் ஆட்களைப் பிடித்திருக்கிறார்கள் என்றே தெரியாது. மூன்று பேரா, யார் யார், எதற்கு என்று கேட்டார். சொன்னேன். மலைக்கு ஓடும்போது காலனியைப் பற்றி ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. கடைசியில், "எங்கப்பனுக்கு நான் போவாம யாரு போறது?" என்று எழுந்தார். மற்றவர்கள் தடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை.

அப்போதுதான் தாசில்தார் விஷயத்தைச் சொன்னேன். நேராகச் சுடுகாட்டுக்குப் போனால் கொள்ளி வைப்பதற்குள் தூக்கிவிடுவார்கள், தாசில்தார் கூட இருந்தால் கை வைக்கமாட்டார்கள் என்றேன். வீட்டுக்காரர்கள் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார்கள். சேதி சொல்லியாயிற்று, வாங்கிக் குடித்தேன். அந்தத் தண்ணீரின் ருசியை எந்த டீக்கும் கொடுக்கமாட்டேன்.

ராத்திரியோடு ராத்திரியாக மலை இறங்கி, விடிகாலையில் நானும் ராஜமாணிக்கமும் கள்ளக்குறிச்சியில் தாசில்தார் வீட்டு வாசலில் நின்றோம். சவரம் செய்துகொண்டே வெளியே வந்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பின்னால் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்ற ஆளைப் பார்த்தார்.

"இவர் யாருன்னு எனக்குத் தெரிஞ்சா இங்கேயே ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும், தெரியுமா?"

எனக்கு உயிரே போயிற்று. அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். துடைக்கவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கண்ணாடி இல்லாம எனக்கு ஆள் அடையாளமே தெரியாது. ஜீப்ல ஏறுங்க" என்றார். ஊர் வந்து சேர்ந்த பிறகும் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கும்போது தடுமாறினார், நான் கையைக் கொடுத்தேன்.

தாசில்தாரையும், ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்த ராஜமாணிக்கத்தையும் சுடுகாட்டோரம் விட்டுவிட்டு நான் ஊருக்குள் ஓடினேன். எங்கள் ஆட்கள் தயாராக நின்றார்கள். பாடையில் நானும் ஒரு தோள் கொடுத்தேன். பறைச் சத்தம் இல்லாமல் அந்தத் தெருவில் ஒரு பிணம் போனது அதுதான் முதல் தடவை. எங்கள் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. சாத்தியிருந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பெண்கள் வெளியே வந்து நின்று பார்த்தார்கள்.

சுடுகாட்டில் இன்ஸ்பெக்டரும் படையும். ராஜமாணிக்கம் ஜீப்பிலிருந்து இறங்கியதுமே இன்ஸ்பெக்டர் பாய்ந்து வந்தார். தாசில்தார் நிதானமாகக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நடுவில் நின்றார்.

"இப்ப நல்லாத் தெரியுது. சரணடைய வந்திருக்கார். கொள்ளி வெச்சு முடிக்கட்டும். அப்புறம் நானே கூட வர்றேன்."

"சார், இது போலீஸ் வேலை."

"கொள்ளி வெக்கறது மகன் வேலை. அது முதல்ல."

குரல் உயரவே இல்லை. இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ராஜமாணிக்கம் மொட்டை அடித்து, நீர்க்குடம் சுமந்து, மூன்று சுற்று வந்து கொள்ளி வைத்தார். சிதை பிடித்துக்கொண்டதும் தாசில்தார் இன்ஸ்பெக்டரைப் பார்த்து, "அந்த மூணு பேர் மேல என்ன கேஸ்?" என்று கேட்டார். "கேஸ் இல்லன்னா அனுப்புங்க" என்றார்.

மூன்று பேரும் வந்தார்கள். நான் செல்வத்தின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. கிட்டே போய் வலது பக்கம் நின்று கூப்பிட்ட பிறகுதான் திரும்பினான். அன்றைக்கு நான் அழுதேன். அதற்குப் பிறகு அவன் காரணமாக நான் அழவில்லை. அவனும் ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அஞ்சலைதான் இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை.

முகாம் கலைந்தது. மலையிலிருந்து ஊரார் இறங்கினார்கள். சில மாதம் கழித்து ராஜமாணிக்கம் ஜாமீனில் வந்தார். பஸ் ஸ்டாண்டில் மாலை போட்டு டீக்கடைக்கு அழைத்து வந்தார்கள். நானும் ஓரமாக நின்றேன். என் சட்டையைப் பிடித்த அதே பங்காளி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இன்னாடா தலையாரி, அடுத்து யாரப் புடிச்சிக் குடுக்கப் போற?" என்றான். சிரித்தார்கள். நான் ராஜமாணிக்கத்தைப் பார்த்தேன். தாசில்தார் வீட்டு வாசல், சுடுகாடு வரை நடந்தது எல்லாம் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான். குனிந்து டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் அறைந்தது எனக்கு வலிக்கவே இல்லை. இது வலித்தது.

அன்றைக்கே கூட்டம் போட்டேன். அடுத்த மாதம் ஊரில் ஒரு சாவு. சேதி சொல்ல ஆள் கேட்டு வந்தார்கள். காலனி மொத்தமும் என் பின்னால் நின்றது. நான் சொன்னேன்: "அரசாங்கத் தமுக்கு அடிப்பேன், அது என் வேலை. சாவு மேளம் அடிக்க மாட்டோம். சேதி சொல்லவும் போவ மாட்டோம். போன தடவ சேதி சொன்னதுக்கு எனக்கு ஒரு பேர் வெச்சீங்க. இனிமே ஒங்க சாவ நீங்களே சொல்லிக்குங்க."

கூலி வேலையை நிறுத்தினார்கள். ரிஷிவந்தியம் பக்கம் போய்க் கரும்பு வெட்டினோம். என் வேலையைப் பறிக்க மனு மேல் மனு போட்டார்கள். தாசில்தார், "பார்த்ததா, கேட்டதா?" என்று எழுதித் திருப்பி அனுப்பினாராம். ஒரு போகம் கஷ்டப்பட்டோம். மரவள்ளி மண்ணிலேயே அழுகவும், அவர்களே வந்து கூப்பிட்டார்கள். வயலுக்குப் போனோம். மேளத்துக்குப் போகவில்லை. இன்று வரை போகவில்லை.

பல வருஷம் கழித்து, நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மத்தியானம் காலனிக்குள் ஒரு டி.வி.எஸ். வண்டி வந்து என் வீட்டுக்கு வெளியே நின்றது. ராஜமாணிக்கம். தலை நரைத்திருந்தது. உள்ளே வரவில்லை, வாசலுக்கு வெளியே நின்று பூங்காவனத்திடம், "கோதண்டன் இருக்கிறாருங்களா?" என்று கேட்டார். நான் வெளியே வந்தேன்.

"அம்மா தவறிட்டாங்க. நாளைக்குக் காலைல எடுக்கறோம். ஒனக்கு மொதல்ல சொல்லணும்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. வேற எங்கியும் இன்னும் போவல."

பூங்காவனம் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக் குடித்தார். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு டீக்கடையில நான் வாயத் தொறந்திருக்கணும், கோதண்டா."

"ஆமா. தொறந்திருக்கணும்" என்றேன்.

சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். அவர் அடுத்த ஊருக்குச் சேதி சொல்லக் கிளம்பினார். மறுநாள் காலையில் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு மாலை வாங்கிக்கொண்டு சாவுக்குப் போனேன். எங்கள் அப்பா காலத்தில் ஊர்த் தெரு முனை வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். நான் போட்டுக்கொண்டே தெரு முழுக்க நடந்து போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கழற்றியிருக்க மாட்டேன்.